டெல்டா கிராமப் பள்ளிகளில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது எப்படி: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில்தான். காவிரி டெல்டாவில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கு இவை தனித்தனிச் சங்கதிகள் இல்லை. தண்ணீர் வந்தால் அம்மா விடியும் முன்னே நடவுக்குக் கிளம்பிவிடுவார். வராவிட்டால் அப்பா திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுவார். எது நடந்தாலும் வீட்டில் பிள்ளையோடு இருக்கும் ஆள் மாறிப்போவார்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் (ஹெச்எம்) பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்எம்சி) உறுப்பினர்களுக்கும் இதை எழுதுகிறேன். நம் கிராமப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் முழுநேர மனநல ஆலோசகர் கிடையாது. பிள்ளைக்கு முதலில் கிடைப்பது வகுப்பாசிரியர்தான். அவர் யாரையும் குணப்படுத்த வேண்டியதில்லை. கவனிக்க வேண்டும், பிள்ளை நம்பிப் பேசக்கூடிய ஆளாக இருக்க வேண்டும், தன் கைக்கு மீறியதை உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகும் பிள்ளையின் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது என்பது என் எண்ணம்.

படி 1: வயல் நாட்காட்டியையும் பள்ளி நாட்காட்டியையும் ஒன்றாக எழுதுங்கள்

ஒரு சார்ட் அட்டையில் 12 மாதங்களையும் எழுதி, ஊரில் எந்த மாதம் என்ன வேலை நடக்கிறது என்று குறியுங்கள். ஜூன், ஜூலையில் குறுவை நாற்றும் நடவும். செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுப்பு, கூடவே சம்பா, தாளடி வேலைகள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் காத்துக்கிடக்கும் நாட்கள். கோடையில் வயல் வேலை குறைந்து ஆட்கள் வெளியூர் போவார்கள். கடலோரப் பள்ளி என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேதாரண்யம் பக்கம் உப்பளம் இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு மாதத்திலும் எந்தப் பிள்ளை வராமல் போகும் என்று யோசியுங்கள். நடவு மாதத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுவாள். அறுவடையில் எட்டாம் வகுப்புப் பையன் களத்தில் நெல்லுக்குக் காவல் இருப்பான். தடைக்காலத்தில் கையில் காசில்லாத வீட்டில் சண்டை வரும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து ரிசல்ட் வருவதற்குள் பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் இதெல்லாம் கண்ணில் படும். எந்த வாரம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அடுத்து ஒரு பட்டியல். அப்பாயியோ அம்மாயியோ வளர்க்கும் பிள்ளை, அப்பா வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை, பெற்றோரில் ஒருவரை இழந்தவர், வீட்டில் குடிப்பழக்கம் உள்ளவர், அக்காவுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் ஆன வீட்டுப் பெண், மாற்றுத்திறனாளிப் பிள்ளை, குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தொடும் பிள்ளை, வகுப்பில் யாரோடும் சேராமல் ஓரமாக உட்காரும் பிள்ளை. இவர்களில் பலர் நன்றாகவே இருப்பார்கள். நன்றாகப் படிக்கிற, வசதியான வீட்டுப் பிள்ளை உள்ளுக்குள் நொந்துபோயும் இருக்கலாம். அதனால் இந்தப் பட்டியல் கவனம் வைப்பதற்கு மட்டும்தான். யாருக்கும் முத்திரை குத்துவதற்கு இல்லை. வகுப்பாசிரியரிடமும் ஹெச்எம்மிடமும் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒருநாளும் போட வேண்டாம்.

படி 2: மாற்றத்தைப் பாருங்கள், உடம்பையும் பாருங்கள்

எப்போதும் வாயாடும் பையன் ஒரு வாரமாகப் பேசவில்லை. அமைதியான பெண் சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறுகிறாள். திங்கட்கிழமைதோறும் ஒருவன் வருவதில்லை. ஒரு பெண் மதியம் சாப்பிடாமல் தட்டை மூடி வைக்கிறாள். நல்ல வெயிலில் முழுக்கைச் சட்டையை இறக்கியே விட்டிருக்கிறான். வீட்டுக்குப் போகும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி வருகிறது. இவற்றில் ஒன்றை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் பழைய பிள்ளைக்கும் இப்போதிருக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரிந்து, அது இரண்டு வாரம் நீடித்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கோபக்காரப் பிள்ளையை எல்லாரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் கடைசி வரிசையில் இருப்பவரை யாரும் கவனிப்பதில்லை. வாரத்துக்கு ஒருநாள் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, இந்த வாரம் இவரோடு ஒரு வார்த்தையாவது பேசினேனா என்று பாருங்கள். பேசாத பெயர்கள் மறுபடி மறுபடி அதே பெயர்களாக இருக்கும்.

உடம்பைச் சொல்லக் காரணம் இருக்கிறது. படிப்பில் மந்தம், தூக்கம், எரிச்சல் ஆகியவற்றுக்குப் பின்னால் ரத்தசோகையோ, கரும்பலகை தெரியாத கண்ணோ, சரியாகக் கேட்காத காதோ இருக்கலாம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் இந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். பசியையும் விசாரியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-ல் நம் திருக்குவளையிலிருந்துதான் மாநிலம் முழுக்க விரிந்தது. அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கும்தான். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் காலையில் சாப்பிட்ட பிள்ளை ஆறாம் வகுப்பில் வெறும் வயிற்றோடு உட்காரலாம். ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு ஆசிரியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். எஸ்எம்சியில் பேசினால் ஊரில் யாராவது முன்வருவார்கள். டெல்டாவில் சாப்பாடு போடக் கேட்டால் இல்லை என்று சொல்லும் ஊரை நான் பார்த்ததில்லை.

படி 3: ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அது வகுப்பாசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிள்ளை யாரிடம் இயல்பாகப் போய் நிற்கிறதோ அவர்தான். பிடி சாராக இருக்கலாம், சத்துணவு அமைப்பாளர் அக்காவாக இருக்கலாம். ஒருவருக்கு 4, 5 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

பொறுப்பு எடுத்தவர் முதல் 2 வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தினமும் 2 நிமிடம் அந்தப் பிள்ளையோடு படிப்பைத் தவிர வேறு எதையாவது பேசுவது. நேற்று வாய்க்காலில் என்ன மீன் பிடித்தான், வீட்டில் மாடு கன்று போட்டுவிட்டதா, கபடியில் யார் ஜெயித்தார்கள். வீட்டுப்பாடத்தையும் வீட்டுப் பிரச்சினையையும் இழுக்கவே கூடாது. கஷ்டம் வரும்போது யாரிடம் போவது என்று பிள்ளை இந்த நாட்களில்தான் முடிவு செய்கிறது.

பேசும் இடம் முக்கியம். பூட்டிய அறையும் ஸ்டாஃப் ரூமும் வேண்டாம். எல்லார் கண்ணுக்கும் தெரிகிற, ஆனால் பேச்சு காதில் விழாத இடம் வேண்டும். வராந்தாவின் கோடியோ வேப்பமரத்தடியோ போதும். பெண் பிள்ளைகளோடு முடிந்தவரை ஆசிரியைகளே பேசட்டும். பள்ளியில் ஒரு ஆசிரியைகூட இல்லை என்றால் அங்கன்வாடி அக்காவையோ எஸ்எம்சியில் இருக்கும் நம்பிக்கையான ஒரு தாயையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, ஆசிரியருக்கும் பாதுகாப்பு. எழுதத்தான் வரும், பேச வராது என்கிற பிள்ளைக்காக அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. அதைத் தவறாமல் திறந்து படிக்க ஒருவரை நியமித்துவிடுங்கள்.

படி 4: கேட்பது எப்படி

பிள்ளை வாயைத் திறக்கும்போது நாம் பேச ஆரம்பித்துவிடுகிறோம். புத்தி சொல்லாமல் 5 நிமிடம் கேட்பது ஆசிரியர்களுக்குக் கஷ்டமான வேலை, பழகினால் வரும்.

"ஏன் இப்படி இருக்க?" என்று கேட்டால் பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் உணரும். "கொஞ்ச நாளா டல்லா இருக்கிற மாதிரி தெரியுதும்மா. என்ன ஆச்சுன்னு சொல்லணும்னா சொல்லு, இப்ப வேணாம்னா அப்புறம் சொல்லு" என்றால் கதவு திறந்தே இருக்கும். அழுதால் அழட்டும். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்ற பேச்சே வேண்டாம். "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேரு" என்று ஒப்பிட வேண்டாம். "அப்பா நல்லதுக்குத்தான் அடிச்சிருப்பாரு" என்று சொல்லவே கூடாது. கேட்டு முடித்ததும் சொல்ல வேண்டியது சுருக்கமானது: "இதை என்கிட்ட சொன்னது நல்லதுப்பா. உன் மேல தப்பு இல்ல. அடுத்து என்ன செய்யலாம்னு சேர்ந்து பாப்போம்."

ஒரு வாக்குறுதியை மட்டும் கொடுக்காதீர்கள். "சார், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று பிள்ளை கேட்கும். சத்தியம் செய்துவிட்டு, பிறகு சட்டப்படி புகார் கொடுக்க நேர்ந்தால் அந்த நம்பிக்கை உடைந்துபோகும். "தேவையில்லாதவங்க யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உன் உசுருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா மட்டும் உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்" என்பதே நேர்மையான பதில்.

கிராமத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அது நமக்குப் பெரிய பலம். நகரத்து ஆசிரியருக்குத் தெரியாத பத்து விஷயம் நமக்குத் தெரிந்திருக்கும். ஆபத்தும் அதுவேதான். டீக்கடையில் விட்ட ஒரு வார்த்தை மாலைக்குள் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பேசியதைத் தேதி போட்டு, பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே ஒரு தனி நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். பெயருக்குப் பதில் ஒரு எண் போதும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஜாடையாகக்கூட இதையெல்லாம் பேசக் கூடாது.

படி 5: வீட்டுக்குப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

முதல் தடவை போகும்போது எந்தப் புகாரும் இல்லாமல் போக வேண்டும். பையன் நன்றாகப் படம் வரைகிறான் என்று சொல்வதற்காகவே ஒருமுறை போகலாம். பள்ளியிலிருந்து ஆள் வந்தாலே தகராறு என்று பயப்படும் வீடுகளில் அந்த ஒரு வருகை பெரிய மாற்றத்தைத் தரும். தனியாகப் போகாமல் இன்னொரு ஆசிரியரோடோ எஸ்எம்சி உறுப்பினரோடோ போங்கள். நடவு நாட்களில் பெண்கள் பிற்பகலில் கரையேறி வந்து குளித்துச் சமைக்கும் நேரத்தைத் தவிர்த்துச் சற்றுத் தாழ்த்திப் போங்கள். நூறுநாள் வேலை நடக்கிறதென்றால் அந்த இடத்திலேயே பல தாய்மார்களைப் பார்த்துவிடலாம்; ஆனால் அங்கே வணக்கம் மட்டும் போதும், விஷயத்தை வீட்டில் பேசுங்கள். குடித்திருக்கும் நேரத்தில் அப்பாவோடு பேசிப் பயனில்லை. காலையில் பாருங்கள்.

ஊர்த்தெருவில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, காலனித் தெருவில் வாசலில் நின்றபடியே பேசிவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். மறுநாள் வகுப்பில் சமத்துவம் பற்றி நாம் நடத்தும் பாடத்தை அவர்கள் நம்பமாட்டார்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள்.

பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை என்றால் பாட்டியை ஒதுக்கிவிட்டு அப்பாவுக்குப் போன் போடாதீர்கள். "அப்பாயி, நீங்க வளர்த்த வளர்ப்பு நல்லா தெரியுது" என்று ஆரம்பித்து, அவர் முன்னாலேயே வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேசுங்கள். சவூதி, குவைத், கத்தாரில் வெள்ளிக்கிழமை விடுமுறை; சிங்கப்பூரில் பெரும்பாலும் ஞாயிறு. அன்று கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவார்கள். அப்பாவிடம் கேட்க வேண்டியது பணம் இல்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், பிள்ளையோடு மட்டும் 15 நிமிடம் வீடியோ காலில் பேசுங்கள், மார்க் பற்றிக் கேட்காதீர்கள் என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு அந்த அழைப்பு வருவதுதான் பிள்ளைக்கு முக்கியம்.

படி 6: வகுப்பறையில் தினமும்

தனியாகப் பேசுவது சிலருக்குத்தான். வகுப்பு எல்லாருக்கும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அடியும் அவமானப்படுத்துவதும் முதலில் நிற்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வீட்டில் அடி வாங்கும் பிள்ளை பள்ளியிலும் அடி வாங்கினால், பெரியவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடும்.

முதல் பாடவேளையில் 5 நிமிடம் ஒதுக்கி, இன்று மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பழக்குங்கள். பாடப்புத்தக வார்த்தைகள் வேண்டாம். நம் பிள்ளைகள் "படபடன்னு வருது", "நெஞ்சு அடைக்குது", "ஒண்ணுமே புடிக்கல", "வவுத்தக் கலக்குது" என்றுதான் சொல்லும். அந்த வார்த்தைகளையே கரும்பலகையில் எழுதி, அப்படி இருக்கும்போது யார் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். குளத்தங்கரையில் போய் உட்காருவேன் என்பான் ஒருவன், ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்பாள் ஒருத்தி. பேச விரும்பாதவர் தலையாட்டினால் போதும்.

குழுக்களை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். தெருவாரியாகப் பிள்ளைகள் உட்காருவதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வகுப்பறைக்குள்ளும் ஊர் அப்படியே வந்துவிடும். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023-ல் பட்டியல் சாதி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசு ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் வந்த அவருடைய அறிக்கை சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதற்குத் தடை கேட்டது. நம் மாவட்டத்துக்கு அது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். கழிவறை கழுவ, குப்பை அள்ள எந்தப் பிள்ளையை அனுப்புகிறோம், மேடையில் பேச யாரைக் கூப்பிடுகிறோம் என்பதைப் பெயர் பெயராக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிடி பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். சில பிள்ளைகளுக்கு வாரத்தில் சிரிக்கும் நேரம் அது மட்டும்தான்.

படி 7: எப்போது, யாரிடம் ஒப்படைப்பது

இங்கே தயக்கம் காட்டினால் பிள்ளைக்கு நேரடி ஆபத்து. எண்களை ஸ்டாஃப் ரூம் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 112.

தற்கொலை எண்ணம்: "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்பது போன்ற பேச்சு, பிடித்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, கையில் கீறல்கள் என்று எதைக் கண்டாலும் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்று பிள்ளைக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். ஆமாம் என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. பெற்றோரை வரவழைத்துக் கையில் ஒப்படையுங்கள். பெற்றோரே பிரச்சினைக்குக் காரணம் என்று தெரிந்தால், பிள்ளை நம்பும் வேறொரு உறவினரையும் 1098-ஐயும் அழையுங்கள். அன்றே 14416-க்குப் பேசுங்கள், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருவர் கூடவே போங்கள்.

டெல்டா வீடுகளில் பூச்சிமருந்து திண்ணையிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடக்கும். அதையும் எலி மருந்தையும் வீட்டைவிட்டு அகற்றி, பூட்டுப் போட்ட இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு இலங்கையில் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. அந்தக் கொதிக்கும் நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பெற்றோர் மறைப்பார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பாலியல் துன்புறுத்தல்: போக்சோ சட்டம், 2012-ன்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஹெச்எம்மிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு கடமை முடியாது. மறைத்தால் 6 மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை. குற்றம் சாட்டப்பட்டவர் சக ஆசிரியராக இருந்தாலும், ஊர்ப் பெரியவராக இருந்தாலும் இதேதான். பஞ்சாயத்துப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விவரம் கேட்காதீர்கள். ஒருமுறை கேட்டதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வந்து வாங்குவார்கள், அப்போது போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பிள்ளைக்குச் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

குழந்தைத் திருமணம்: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆகாமல் நடத்தக் கூடாது. பேச்சு நடக்கிறது என்று தோழிகளுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் சொல்லும்படி உங்கள் வகுப்பு இருக்க வேண்டும். வீட்டில் பேசிப் பார்க்க நேரம் இருந்தால் பேசுங்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நம் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர். அவர் பெயரில் இயங்கும் புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. "டீச்சர், வயசுப் பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு வயிறு கலங்குது" என்று சொல்லும் அம்மாவிடம் சட்டத்தைவிட இந்தக் கணக்கு எடுபடும். தேதி குறித்துவிட்டார்கள் என்றால் பேச்சில் நேரத்தை விடாமல் 1098-க்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள். நின்ற கல்யாணத்தோடு வேலை முடிவதில்லை. அடுத்த சில மாதங்கள் அந்தப் பெண் வீட்டில் ஏச்சு வாங்குவாள். தினமும் வருகிறாளா என்று பார்க்க வேண்டியது அப்போதுதான்.

வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை: ஆட்டுக் கிடைக்கு, வாத்து மேய்க்க, செங்கல் சூளைக்கு, ஸ்பின்னிங் மில்லுக்கு என்று முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது நம் பகுதியில் இன்னும் நடக்கிறது. 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பதே குற்றம். முன்பணத்துக்காக என்றால் 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் சேரும். கோட்டாட்சியருக்கும் 1098-க்கும் தெரிவியுங்கள். மீண்டு வந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனியாக உதவுங்கள். "எங்கடா போயிருந்த?" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம்.

பணம் இல்லாததே காரணம் என்றால்: பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் தனித்து விடப்பட்ட தாயோடு வாழும் பிள்ளைகளுக்கும் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி உண்டு, கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளி மாணவரின் சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ பிள்ளை பெயரில் 75,000 ரூபாய் வைப்புத்தொகை போடும் திட்டமும் இருக்கிறது. துக்க வீட்டில் படிவம் நிரப்ப யாருக்கும் தெம்பு இருக்காது. பள்ளியே எழுதிக் கொடுத்தால் பெரிய உதவி.

படி 8: மழை, புயல், அதற்குப் பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னை மட்டும் சாயவில்லை. வீட்டுக் கூரை பறந்ததைப் பார்த்த பிள்ளைகள் அதற்குப் பிறகு காற்று பலமாக வீசினாலே நடுங்கின. இன்னொன்றும் உண்டு. 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26-ல் சுனாமி நாகப்பட்டினக் கரையைச் சூறையாடியது. அன்று பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று நம் பிள்ளைகளின் பெற்றோர். கடல் சீறும் நாளில் பிள்ளையை அனுப்ப மறுக்கும் அம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று எண்ணாதீர்கள். கும்பகோணத்தை மறக்காத பெற்றோருக்கு அவசர வழிகளையும் சமையலறைப் பாதுகாப்பையும் எஸ்எம்சி கூட்டத்தில் நேரில் காட்டுங்கள்.

பள்ளி மறுபடி திறந்ததும் முதல் சில நாட்கள் பாடத்தை அவசரப்படுத்த வேண்டாம். மணி அடிப்பது, வழிபாடு, மதிய உணவு, விளையாட்டு ஆகியவை பழையபடி நடக்கட்டும். பழகிய ஒழுங்கே பயத்தைத் தணிக்கும். என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சொல்ல வருபவரைக் கேளுங்கள், வரைய வருபவருக்குத் தாள் கொடுங்கள். நனைந்துபோன புத்தகம், சீருடை, சான்றிதழ் பட்டியலை முதல் வாரமே எடுத்து அனுப்பிவிடுங்கள். புத்தகம் இல்லாத பிள்ளை வெட்கத்திலேயே நின்றுவிடும். ஒரு மாதம் கழிந்தும் தூக்கமின்றி, படுக்கையை நனைத்துக்கொண்டு, யாரோடும் ஒட்டாமல் இருந்தால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பள்ளியே நிவாரண முகாமாக இருந்திருந்தால், அங்கே தங்கிய பிள்ளைகளை மற்றவர்கள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: கைமாறும் இடங்கள்

அதிகம் பேர் தவறிப்போவது ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போகும்போதுதான். ஊர் நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த பெண், பஸ் ஏறி டவுன் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். டிசி கொடுத்ததோடு விடாமல், மே மாதமே புதிய பள்ளி ஆசிரியருக்குப் போன் செய்து இந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று மட்டும் சொல்லுங்கள். குடும்பக் கதை முழுவதும் வேண்டாம். ஜூன் மூன்றாவது வாரம் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) சேர்க்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநரோடு சேர்ந்து வீட்டுக்குப் போங்கள்.

பொதுத்தேர்வு ரிசல்ட் வரும் நாளில் தோற்றுப்போகலாம் என்று நீங்கள் நினைக்கும் பிள்ளைகளின் பட்டியல் கையில் இருக்கட்டும். ரிசல்ட் வந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். துணைத்தேர்வு உடனே வருகிறது, இந்த வருஷமே மேலே சேரலாம் என்ற ஒரு செய்தி அன்றைக்குப் போதும். அப்பாவிடமும் பேசிவிடுங்கள்.

இத்தனை பிள்ளைகளின் கஷ்டத்தைக் கேட்கும் ஆசிரியரும் களைத்துப்போவார். பொறுப்பெடுத்தவர்கள் மாதம் ஒருமுறை ஹெச்எம்மோடு உட்கார்ந்து பேச ஒரு நேரம் ஒதுக்குங்கள். 14416 ஆசிரியர்களுக்கும்தான்.

மாறுதல் கலந்தாய்வில் உங்களுக்கே வேறு ஊர் கிடைத்துவிட்டால், பூட்டி வைத்த நோட்டை ஹெச்எம் முன்னிலையில் அடுத்தவரிடம் கொடுங்கள். அதற்கு முன் பொறுப்பில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நீங்கள் போவதை நீங்களே சொல்லுங்கள். இனி யாரிடம் பேசலாம் என்று அவர்களையே கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஆள் சம்மதித்தால், மூவருமாக ஒருமுறை சேர்ந்து பேசிவிட்டுக் கிளம்புங்கள்.